ஒரு மாதம் மட்டுமே இருந்த பதவி



பத்திரிகையாளர் ஒருத்தர் அரசாங்கத்தின் செய்தித் தொடர்பாளர் ஆனதும் "விலை போயிட்டார்" என்று எழுதிவிடுகிறோம். பல நேரம் அது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் பொருந்துமா? 1974-ல் வாஷிங்டனில் நடந்ததைக் கொஞ்சம் பாருங்க.

ஆகஸ்ட் 9. வாட்டர்கேட் விவகாரத்தில் நிக்சன் பதவி விலக, துணை அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு அதிபரானார். அவர் தேர்ந்தெடுத்த பத்திரிகைச் செயலாளர் ஜெரால்ட் டெர்ஹோர்ஸ்ட். 'டெட்ராய்ட் நியூஸ்' நாளிதழின் வாஷிங்டன் அலுவலகத் தலைவர். 1948-ல் ஃபோர்டு முதன்முதலாக காங்கிரஸ் தேர்தலில் நின்ற காலத்திலேயே கிராண்ட் ராப்பிட்ஸில் நிருபராக இருந்தவர். கால் நூற்றாண்டுப் பழக்கம்!

நிருபர்களுக்கு ஒரே சந்தோஷம். இருக்காதா பின்னே? நிக்சனின் பத்திரிகைச் செயலாளர் ரான் சீக்லர் விளம்பரக் கம்பெனியிலிருந்து வந்தவர். வாட்டர்கேட்டை ஏதோ மூன்றாந்தரத் திருட்டு முயற்சி என்று ஒதுக்கியவர். பிறகு, தான் முன்னால் சொன்ன மறுப்பெல்லாம் இனி செல்லாது என்று கூசாமல் அறிவித்தவர். அந்த நாற்காலியில் நம்ம ஆளு ஒருத்தர் உட்கார்ந்தால் மனசு குளிரத்தானே செய்யும்.

ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை அந்தக் குளிர்ச்சி.

நிக்சனுக்கு மன்னிப்பு வரப்போகுதா என்று நிருபர்கள் துருவினார்கள். டெர்ஹோர்ஸ்ட் உள்ளே கேட்டார். அப்படி எதுவும் இல்லை என்றார்கள். அதை நம்பி வெளியே வந்து அப்படியே சொன்னார். உள்ளே மன்னிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. நேற்றுவரை தன்னோடு உட்கார்ந்து செய்தி எழுதியவர்களிடம், தெரியாமலே பொய் சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஃபோர்டு மன்னிப்பை அறிவிக்கும் முன்பே ராஜினாமாக் கடிதம் அவர் கையில். ஏமாற்றியதற்காக மட்டும் அவர் போகவில்லை என்பதுதான் இதில் முக்கியம். வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று மனசாட்சிப்படி மறுத்த இளைஞர்களுக்கு நிபந்தனையற்ற மன்னிப்பு இல்லை. நிக்சனுக்கு மட்டும் ஏன்? இதை எந்த முகத்தோடு மேடையேறி நியாயப்படுத்துவது? மறுபரிசீலனை பண்ணுங்க என்று ஃபோர்டு கேட்டும் அவர் மசியவில்லை.

"அந்த வேலைக்கே போயிருக்கக் கூடாது" என்பார்கள் சிலர். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. அரசு சொல்வதை மக்களுக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். கேள்வி கேட்டுப் பழகியவர் அங்கே இருப்பது நல்லதுதான். ஆனால் முடிவெடுக்கும் அறையில் அவருக்கு இடம் வேண்டும். வெளியே பேச ஒரு வாய் போதும், உள்ளே காது வேண்டாம் என்று நினைத்ததுதான் வெள்ளை மாளிகையின் தப்பு.

அடுத்து அந்த இடத்துக்கு வந்த ரான் நெஸனும் பத்திரிகையாளர்தான், என்பிசி தொலைக்காட்சிக்காரர். டெர்ஹோர்ஸ்ட் 'டெட்ராய்ட் நியூஸ்' பத்திரிகைக்கே திரும்பிப் போய்ப் பத்தி எழுத ஆரம்பித்தார். 1981-ல் அவர் மறுபடியும் ஃபோர்டில் வேலைக்குச் சேர்ந்தார். இந்தத் தடவை ஆள் இல்லை, கார் கம்பெனி!