வகுப்பு முடிந்த பிறகு நாம் எங்கே?

இணைய வணிகம் கற்றுத்தருகிறோம் என்று யாராவது கூவாத நாளே இல்லை. 99 ரூபாய்க்கு இரண்டு மணி நேர வெபினார். அது முடியும் தறுவாயில், இன்று இரவுக்குள் பணம் கட்டினால் மட்டும் பாதி விலை என்று இன்னொரு பெரிய கோர்ஸ். இந்த இதழை வாசிக்கும் நாம் அந்த ரகம் இல்லை. வங்கி, கல்லூரி, தொண்டு நிறுவனம், தொழில் சங்கம் என்று ஏதோ ஒன்றின் சார்பில், பெரும்பாலும் சம்பளம் வாங்காமல், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குக் கைகொடுக்கிறவர்கள். ஆனாலும் ஒரு விஷயத்தில் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சான்றிதழ் கொடுத்து, குரூப் போட்டோ எடுத்ததும் நாமும் காணாமல் போய்விடுகிறோம்.

மதுரையின் கோரிப்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். தர்காவைச் சுற்றியுள்ள சந்துகளிலும் செல்லூர்ப் பக்கம் போகும் தெருக்களிலும் போர்டு இல்லாத கடைகள் நிறைய முளைத்திருக்கின்றன. ஒரு வீட்டில் ஹிஜாபும் புர்காவும் தைத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். இன்னொன்றில் நைட்டி, அடுத்ததில் பிரியாணி மசாலா, மாடியில் சுங்குடி. பீரோவின் கீழ்த்தட்டுதான் கிடங்கு. பயிற்சி கிடைக்காத குறை இங்கே இல்லை. தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் குறுகிய காலப் பயிற்சிகள், ஸ்டார்ட்அப் டிஎன்னின் மதுரை மையம், உணவுப் பொருள் என்றால் வேளாண் கல்லூரியில் இயங்கும் மபிஃப், சிறுதொழில் என்றால் மடீட்சியா. பேஜ் தொடங்குவது, கேட்லாக் போடுவது, ரீல்ஸ் எடுப்பது எல்லாம் இவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. சிக்கல் வருவது ஆர்டர் வர ஆரம்பித்த பிறகு. அப்போது பக்கத்தில் ஆள் இல்லை.

அப்படி ஒரு வீட்டில், அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவரோடு அண்மையில் உட்கார்ந்திருந்தேன். அவர் கனவு, இலக்கு என்றெல்லாம் பேசவில்லை. “போன வாரம் எத்தனை சேலை போச்சும்மா?” என்றுதான் ஆரம்பித்தார்.

“பத்து போச்சுண்ணே.”

“திரும்பி வந்தது?”

அந்தப் பெண் பீரோவைத் திரும்பிப் பார்த்தார். “மூணு. அதையும் வித்துருவேண்ணே.”

“வித்துருவ. கணக்கு எழுதுனியாம்மா?”

எழுதியிருந்தார், பள்ளிக்கூட நோட்டில். 480 ரூபாய்க்கு வாங்கி 750க்கு விற்றால் 270 மிச்சம், பத்துக்கு 2,700. இனி அதே கணக்கு முழுதாக (கூட்டிப் பார்க்கச் சுலபமாக இருக்கட்டும் என்று எண்களைச் சற்றே சீராக்கியிருக்கிறேன்). கேஷ் ஆன் டெலிவரியில் பத்து பார்சல் போய், ஏழுதான் நின்றது. ஆக வரவு 5,250. அந்த ஏழு சேலையின் கொள்முதல் 3,360. கவர், டேப் பத்துக்கும் 150. கூரியர் பார்சலுக்கு 80 வீதம் 800. பணம் வசூலித்துத் தர கூரியர்காரர் பிடிப்பது ஏழுக்கு 280. மூன்று திரும்பி வந்த செலவு 240. மிச்சம் 420. இதில் வாரம் முழுக்க விளம்பரத்துக்குப் போட்ட 500 ரூபாயைக் கழித்தால் 80 ரூபாய் நஷ்டம். தன் உழைப்புக்கு அவர் ஒரு பைசாகூடப் போடவில்லை. திரும்பி வந்த மூன்றில் ஒன்றின் மடிப்பு கலைந்து கறை பட்டிருந்தது. அதையும் நான் சேர்க்கவில்லை.

இத்தனையையும் வழிகாட்டி தன் வாயால் சொல்லவில்லை. பேனாவும் கால்குலேட்டரும் அந்தப் பெண்ணின் கையில்தான் இருந்தன. ஒவ்வொரு வரிக்கும் “அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். கடைசியில் அந்தப் பெண்ணே கேட்டார்: “50 ரூபா குறைச்சு, ஜிபேல முன்னாடியே போடச் சொன்னா?” போடச் சொன்னால் பத்தில் நாலு பேர் போய்விடலாம். மீதி ஆறு பேரிடம் 700 வீதம் வரவு 4,200. சேலை 2,880, கவர் 90, கூரியர் 480, அதே விளம்பரம் 500. கையில் 250 நிற்கிறது. விற்பனை குறைந்து லாபம் வருவதைத் தன் நோட்டிலேயே பார்த்த பிறகு, அவருக்கு அதைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

திரும்பி வந்தவற்றையும் பிரித்துப் பார்த்தோம். ஒன்றின் வாடிக்கையாளர் போனையே எடுக்கவில்லை. இரண்டாவது, டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த படம். அரக்கு நிறம் படத்தில் சிவப்பாக விழுந்திருக்கிறது. காலை வெயிலில் மொட்டை மாடியில் எடுத்திருந்தால் அந்தப் பார்சல் நின்றிருக்கும். மூன்றாவதுதான் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது. கேட்லாக்கில் ‘மதுரை சுங்குடி’ என்று இருந்தது, உள்ளே இருந்ததோ அச்சடித்த புள்ளி. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சேலையைக் கையில் எடுத்துப் பழகியவர் வாங்கியிருக்கிறார், உடனே திருப்பிவிட்டார். மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005லேயே கிடைத்துவிட்டது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்க முடியாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள். பிரிண்ட் சேலையைப் பிரிண்ட் என்று எழுதி விற்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. அதை வாங்கவும் ஆள் இருக்கிறது.

நைரோபியின் புறநகரான டண்டோராவில் சிறுதொழில் செய்யும் பெண்களிடையே நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. புரூக்ஸ், டொனோவன், ஜான்சன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் செய்தது. தொழிலுக்குப் புதியவர்களில் ஒரு பகுதியினருக்கு வகுப்பறைப் பயிற்சி. இன்னொரு பகுதியினருக்கு அதே பகுதியில் தொழிலில் ஊன்றிய ஒரு பெண்ணைத் துணையாகக் கொடுத்தார்கள். வகுப்புக்குப் போனவர்கள் கணக்கு எழுதக் கற்றுக்கொண்டார்கள், லாபம் ஏறவில்லை. துணை கிடைத்தவர்களுக்குச் சராசரியாக 20 சதவீதம் ஏறியது. காரணம் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. சரக்கை இன்னும் மலிவாக எங்கே எடுக்கலாம் என்று அந்த அக்காக்களுக்குத் தெரிந்திருந்தது. சந்திப்பு நின்ற பிறகு அந்தப் பலனும் மெல்லக் கரைந்துபோனது.

இந்தக் கடைசி வரியை நம் சங்கங்களின் கூட்ட அறையில் எழுதி மாட்டலாம். நிதி கொடுப்பவர் படிவத்தில் எத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தீர்கள் என்றுதான் கேட்கிறார். அதனால் நாமும் தலையை எண்ணிக் கொடுக்கிறோம். ஓராண்டு கழித்து எத்தனை பேர் இன்னும் பார்சல் கட்டுகிறார்கள் என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் என் கண்ணில் பட்டதில்லை. என் கருத்து: ஒரு வழிகாட்டிக்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம், ஆறு மாதத்துக்குக் குறையவும் வேண்டாம். பாரதிய யுவ சக்தி அறக்கட்டளை இந்த வழியில்தான் வந்தது. குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமனின் மகள் லட்சுமி வெங்கடேசன் 1992இல் தொடங்கியது அது. கடனைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாமல், ஒவ்வொரு இளைஞருக்கும் ஒரு வழிகாட்டியைச் சேர்த்துக் கொடுப்பது அதன் முறை.

யார் வழிகாட்டி என்பதிலும் நமக்குப் பழக்கதோஷம் உண்டு. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கல்லூரிப் பேராசிரியர், பட்டயக் கணக்காளர் என்றே நம் பட்டியல் நீள்கிறது. அவர்கள் வேண்டும், கடன் விண்ணப்பத்தை அவர்களைவிட நன்றாக யாரும் எழுதித்தர மாட்டார்கள். ஆனால் விளக்குத்தூண் பக்கம் எந்தக் கடையில் பத்து பீஸுக்கே மொத்த விலை போடுவார்கள், சுங்குடிக்குச் சின்னாளப்பட்டிக்கே போனால் சேலைக்கு எவ்வளவு குறையும், திங்கள் இரவு ஈரோடு ஜவுளிச் சந்தைக்கு பஸ் ஏறுவது எவ்வளவு சரக்கு எடுத்தால் கட்டுபடியாகும் என்பதெல்லாம் மூன்று வருஷமாக ஒரு பேஜை நடத்தித் தாக்குப்பிடித்த பெண்ணுக்குத்தான் தெரியும். அவரைக் கூப்பிட்டால், “எனக்குப் போட்டியா ஒருத்திய நானே வளர்த்துவிடணுமா?” என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. ஹிஜாப் விற்பவருக்கு மசாலா விற்பவரைச் சேர்த்துவிட்டால் போட்டி இல்லை. கூரியர், ரிட்டர்ன், விளம்பரம் எல்லாம் இருவருக்கும் ஒன்றுதான். சரக்கு எடுக்கும் இடம் மட்டும் பொதுவில் வராது. அதற்கு வேறு ஊர்க்காரர் ஒருவரைப் போனில் பிடித்துக்கொள்ளலாம்.

விதிகளைப் பொறுத்தவரை ஒரே வேண்டுகோள்: பழைய பிபிடியைத் தூக்கிப் போடுங்கள். இணையதளத்தில் விற்றாலே ஜிஎஸ்டி கட்டாயம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 2023 அக்டோபர் 1 முதல், விற்றுமுதல் வரம்புக்குள் இருப்பவர் தம் மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்றால், பதிவு இல்லாமலே ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு தளங்களில் விற்கலாம். பெங்களூருக்கு ஒரு சேலை போனால் கதை வேறு. சில கைவினைப் பொருட்களுக்கு உள்ள விலக்கைத் தவிர, வெளிமாநில விற்பனைக்குப் பதிவு வேண்டும். தளங்கள் பிடிக்கும் ஜிஎஸ்டி டிசிஎஸ் 2024 ஜூலையில் ஒன்றிலிருந்து அரை சதவீதமாகவும், வருமான வரி டிடிஎஸ் அதே ஆண்டு அக்டோபரில் 0.1 சதவீதமாகவும் இறங்கின. உத்யம் பதிவு இலவசம். அதற்கு 1,500, 2,000 என்று கட்டணம் கேட்கும் போலித் தளத்தில் ஏமாந்து வந்தவர்களைப் பார்க்காத வழிகாட்டி நம்மில் குறைவு. உண்மையான அரசுத் தளத்தின் சுட்டி ஒன்றைச் சரியாக அனுப்பிவைத்தாலே ஒருவருடைய முதல் மாத லாபம் தப்பிக்கும்.

நாம் சொல்லத் தயங்கும் ஒன்று இருக்கிறது: “இதை நிறுத்திடும்மா.” வளையலை அடகு வைத்து விளம்பரத்துக்குப் பணம் போடுகிறார் என்று தெரிந்த பிறகும், ஊக்கம் கெட்டுவிடும் என்று பேசாமல் இருப்பது உதவி இல்லை. கணக்கு மூன்று மாதம் தொடர்ந்து கீழே போனால், விளம்பரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த மாதமும் போனால், இருக்கிற சரக்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு நகையை மீட்கச் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டு வராமல் போகலாம். போகட்டும். நகை வீட்டில் இருக்கும்.

இன்னொன்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் விவகாரம். அழைத்துப்போகும் மொத்தக் கடையிலும், பரிந்துரைக்கும் கூரியரிலும், போட்டோ எடுப்பவரிடமும் கமிஷன் வாங்கும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். வாங்குவது குற்றம் என்று நான் சொல்லவில்லை; சம்பளம் இல்லாத வேலைக்கு எங்கிருந்தாவது பெட்ரோல் காசு வர வேண்டும். ஆனால் அதை அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் வாங்கினால், முதல் பத்தியில் நாம் கேலி செய்த 99 ரூபாய் ஆசாமியோடு நமக்குச் சண்டை போட முகம் இருக்காது.

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் சில்லறை அளவில் சரக்கு கிடைக்கும் இடங்களின் பட்டியலை அடுத்த இதழில் வெளியிட இருக்கிறோம். துணி, மசாலா, அப்பளம், பேக்கிங் கவர் எதுவானாலும் உங்களுக்குத் தெரிந்ததை எழுதி அனுப்புங்கள்: கடை இருக்கும் தெரு, குறைந்தபட்சம் எத்தனை எடுக்க வேண்டும், கடன் தருவார்களா. உங்களுக்கு அங்கே கமிஷன் உண்டென்றால் அதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். அப்படியே அச்சில் போடுவோம்.