சென்சார் மேல பழி போடாதீங்கப்பா!

பேக்கிங் மெஷின்ல டப்பா வராமலே போட்டோ சென்சார் சிக்னல் குடுக்குதுன்னு கூப்பிட்டாங்க. அதுக்குள்ள ரெண்டு சென்சார் மாத்தியாச்சாம்! போய்ப் பார்த்தா, சோலினாய்டு வால்வுக்கும் சென்சாருக்கும் ஒரே 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். ஆம்பியர் கணக்கு சரிதான். சென்சார் இழுக்கிறதே சுமார் 30 மில்லி ஆம்பியர். ஆனா வால்வு ஆஃப் ஆகும்போது காயில் ஒரு உதை உதைக்குமே, அது சென்சார் வரைக்கும் போகுது. காயிலுக்கு டயோடு போட்டு, சென்சாருக்குத் தனியா சின்ன சப்ளை குடுத்தேன். பி.எல்.சி.க்கு சிக்னலே போகல! (ஹி ஹி, ரெண்டு சப்ளையோட 0 வோல்ட்டையும் சேர்க்க மறந்துட்டேன்.) சேர்த்ததும் அடங்கிடுச்சு. என்னைக் கேட்டா, தனி சப்ளைக்குக் காசு பார்க்கிறது வெட்டிக் கஞ்சத்தனம். கழட்டிப் போட்ட ரெண்டு சென்சாரும் நல்லாத்தான் இருக்கு, ஸ்டோர்ல தூங்குது.