மூளைப் படத்திற்கும் அறிவிப்பாளர் தொடர் உண்டு

மூளையைப் படம்பிடித்துப் பார்த்துவிட்டார்கள், ஆகவே இனி விவாதத்திற்கு இடமில்லை என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே பெருகி வருகிறது. ஈமான் என்பது மூளையின் ஒரு மூலையில் நிகழும் மின்சலனமே என்று ஒருவர் ஸ்கேன் படத்தைக் காட்டிப் பேசுகிறார். ஸஜ்தாவின் பயனை மூளை ஆய்வு மெய்ப்பித்துவிட்டது என்று இன்னொருவர் அதே போன்ற படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். முடிவில் இருவரும் எதிரெதிர் துருவங்கள். எனினும், படத்தை எடுத்த கருவி உண்மையில் எதை அளந்தது என்று கேட்காமல் விட்டதில் இருவரும் ஒன்றே.

ஹதீஸ் கலையை ஓரளவேனும் கற்றவருக்கு இக்கேள்வி புதிதன்று. ஒரு செய்தி எவ்வளவு அழகாக இருப்பினும், அது எவர் வழியாக வந்தடைந்தது என்பதை முஹத்திஸ்கள் விசாரித்தனர். தொடரிலுள்ள ஒவ்வோர் அறிவிப்பாளரின் நேர்மையும் நினைவாற்றலும் தனித்தனியே எடைபோடப்பட்டன. ஒருவர் மற்றவரைச் சந்தித்திருக்க முடியுமா என்பதும் ஆராயப்பட்டது. இடையில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் அச்செய்தி பலவீனமானதாயிற்று. மூளை ஆய்வுக் கருவி தரும் படமும் இத்தகையதோர் அறிவிப்பே என்பது என் கருத்து. நரம்பணு பேசுவதை நாம் நேரில் கேட்பதில்லை; பல இடையாட்கள் வழியாகவே கேட்கிறோம்.

இன்று பெரிதும் பேசப்படும் எஃப்.எம்.ஆர்.ஐ. முறையை எடுத்துக்கொள்வோம். 1990இல் செய்ஜி ஒகாவாவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு அடித்தளமிட்டன. மூளையின் ஒரு பகுதியில் நரம்பணுக்கள் மும்முரமாகச் செயற்படும்போது அங்கே ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைச் சிறிது குலைக்கும் தன்மையுடையது. அதன் அளவு குறையும்போது சமிக்ஞை சற்றே உயர்கிறது. இவ்வுயர்வு உச்சத்தை அடைய ஏறத்தாழ 5 நொடிகள் ஆகின்றன. நரம்பணுக்களோ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் செயற்படுபவை. படத்தில் ஒரு புள்ளியாகத் தெரிவது பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவுள்ள கனசதுரம். அதற்குள் இலட்சக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன. பின்னர் புள்ளியியல் வருகிறது. ஒரு செயலின்போது பெற்ற அளவை மற்றொரு செயலின்போது பெற்ற அளவோடு ஒப்பிட்டு, வேறுபாடு போதிய அளவு பெரிதாகத் தோன்றும் இடங்களுக்கு ஆய்வாளர் வண்ணம் இடுகிறார். நாம் காணும் சிவப்பும் மஞ்சளும் மூளையில் எரியும் விளக்குகள் அல்ல. ஒரு கணக்கின் விடைகள்.

அக்கணக்கு பிழைத்தால் என்ன நேரும் என்பதை 2009இல் கிரெய்க் பென்னட் குழுவினர் காட்டினர். இறந்துபோன சால்மன் மீன் ஒன்றை ஸ்கேன் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி, அவர்களின் உணர்ச்சி என்னவென்று அதனிடம் ‘வினவினர்’. ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிக்கும்போது தற்செயலாகச் சில தேறிவிடும். அதற்குரிய திருத்தத்தைச் செய்யாதபோது, மீனின் மூளையிலும் சில புள்ளிகள் ‘செயற்பட்டன’. திருத்தம் செய்தவுடன் அவை மறைந்தன. கருவி பொய் சொல்லவில்லை. அதன் செய்தியைக் கொண்டுவந்த இடையாள் பிழை செய்தார்.

இதனினும் நுட்பமான பிழையொன்று உண்டு. அச்சம் கொள்ளும்போது மூளையின் ஒரு பகுதி செயற்படுகிறது என்று கண்டறிந்தால், அப்பகுதி செயற்படும்போதெல்லாம் அம்மனிதர் அஞ்சுகிறார் என்று முடிவுகட்ட இயலாது. மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருப்பதால் மழைதான் பெய்தது என்று ஆகிவிடாது. 2006இல் ரஸ்ஸல் போல்ட்ராக் என்னும் ஆய்வாளர் இத்தகைய தலைகீழ் ஊகத்தைக் குறித்துத் தம் துறையினரையே எச்சரித்தார்.

ஒரே கருவியை நம்பிய இரு மேதைகள் முரண்பட்ட வரலாறும் உண்டு. 1873இல் இத்தாலியரான கமில்லோ கோல்ஜி, வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு நரம்புத் திசுவைக் கருமையாக்கிக் காட்டும் முறையைக் கண்டறிந்தார். அது நூற்றில் சில அணுக்களை மட்டுமே நிறமேற்றும். அக்குறையே அதன் வலிமையும் ஆயிற்று. எல்லா அணுக்களும் கறுத்திருந்தால் நுண்ணோக்கியில் ஒரு கரும்படலமே தெரிந்திருக்கும். அதன் வழியே நோக்கிய கோல்ஜி, மூளை அறுபடாத ஒரே வலை என்றார். அம்முறையையே மேம்படுத்திய ஸ்பெயின் அறிஞர் ரமோன் இ கஹால், அது தனித்தனி அணுக்களால் ஆனது என்றார். 1906இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பரிசு உரையிலும் கோல்ஜி தம் நிலையை விட்டுக்கொடுக்கவில்லை. அணுக்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளியை 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டிய பின்னரே ஐயம் நீங்கிற்று. ஒரு கருவியின் சாட்சியத்தை, வேறு வழியில் இயங்கும் இன்னொரு கருவியின் சாட்சியம் உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

பார்ப்பதோடு நில்லாமல், தலையிட்டு மாற்றிப் பார்க்கும் கருவிகளும் இன்று உள்ளன. அறிவியல் மெய்யியலாளர் இயன் ஹாக்கிங் 1983இல் எழுதிய நூலில், ஒரு பொருளைக் கையாண்டு அதனால் வேறொன்றை நிகழ்த்த முடிவதே அதன் இருப்புக்கு வலுவான சான்று என்று வாதிட்டார். பாசியிலிருந்து பெற்ற ஒளியுணர் புரதத்தை நரம்பணுவில் புகுத்தி, ஒளியைப் பாய்ச்சி அதனை இயக்கும் ஆப்டோஜெனடிக்ஸ் முறை 2005இல் வெளியானது. எலிகளில் குறிப்பிட்ட அணுக்களை இயக்கியும் நிறுத்தியும் நடத்தை மாறுவதைக் காண முடிகிறது. இத்தொடரில் கண்ணிகள் வலுவானவை. ஆயினும் எலியிடமிருந்து மனிதனுக்குத் தாவும் கண்ணியைத் தனியே ஆராய்ந்தாக வேண்டும்.

இவ்வாறு விசாரிப்பது அறிவியலுக்குப் பகையன்று. கண்ணையே ஒரு கருவியாகக் கொண்டு விசாரித்தவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம். பதினோராம் நூற்றாண்டில் அவர் எழுதிய ஒளியியல் நூலில், தொலைவு, வெளிச்சம், பொருளின் அளவு போன்றவை உரிய வரம்பை மீறும்போது பார்வை எவ்வாறு பிழைபடுகிறது என்பதற்கென ஒரு தனிப்பகுதியையே ஒதுக்கினார்.

இது ஏட்டளவில் நிற்கும் விவாதமும் அன்று. 2008இல் புனேயில் ஒரு கொலை வழக்கில், மூளை மின்னலைச் சோதனையின் முடிவையும் சான்றுகளுள் ஒன்றாக ஏற்று நீதிமன்றம் ஆயுள் தண்டனை வழங்கியது. 2010இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்னும் வழக்கில், ஒருவரின் சம்மதமின்றி இத்தகைய சோதனைகளை நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்மதத்தோடு நடந்தாலும் அதன் முடிவை மட்டும் சான்றாக ஏற்க இயலாது என்றும் கூறியது. அலையின் ஏற்ற இறக்கத்தைப் பதிவது வேறு. அது குற்றத்தின் நினைவுதான் என்பது வேறு. இரண்டிற்கும் இடையிலுள்ள கண்ணியில் ஒரு மனிதரின் ஆயுள் தொங்குகிறது.

நம் வீட்டு வாசலுக்கும் இது வந்துவிட்டது. குழந்தையின் ‘நடுமூளையைத் தூண்டி’க் கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைப்பதாகச் சொல்லிக் கட்டணம் பெறுகின்றனர். நடுமூளையோ பார்வையின் அசைவுக்கும் ஓசைக்குத் திரும்புவதற்கும் துணைநிற்கும் உறுப்பு. எல்லாக் குழந்தையிடமும் பிறவியிலிருந்தே இயங்குவது. விரல்ரேகையைப் பார்த்து மூளையின் ஆற்றலைச் சொல்வதாகக் கூறுவோரும் உளர். பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: இக்கருவி நேரடியாக அளப்பது எதை? அதிலிருந்து இம்முடிவுக்கு எத்தனை படிகள்? வேறொரு வழியில் எவரேனும் இதனைச் சரிபார்த்தனரா?

இதே கேள்விகளை நம் தரப்புச் செய்திகளிடமும் கேட்கும் நேர்மை நமக்கு வேண்டும். தொழுகை நம்மீது கடமையானது ஸ்கேன் படத்தினால் அன்று. அத்தகைய படமொன்றை ஆதாரமாக்கி மகிழ்வோமானால், நாளை வேறொரு படம் அதனை மறுக்கும்போது நம் பிள்ளைகளுக்கு என்ன விடை சொல்வோம்? நபிமொழியின் பெயரால் வந்ததையே விசாரித்துப் பெற்றுக்கொண்ட சமுதாயம், கருவியின் பெயரால் வருவதை விசாரிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பலாகாது.