ஊர் விட்டு ஊர் போவதற்கும் ஓர் எம்.ஏ.!

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெண் பி.ஏ. சரித்திரம் தேறி விட்டாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். மேலே என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்கிறீர்கள். "புலம்பெயர்வு பற்றி எம்.ஏ." என்கிறாள். நீங்கள் அடுப்பில் பால் பொங்குவதையும் மறந்து, "அது என்னடி படிப்பு? மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவதற்குக் கூடவா பரீட்சை?" என்கிறீர்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் படிப்பு இருப்பது மெய். லண்டனில் 1916-ல் ஏற்பட்ட ஸோவாஸ் கலாசாலையில் இதே தலைப்பில் எம்.ஏ. வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டில் 1982-ல் பார்பரா ஹாரெல்-பாண்ட் என்ற அம்மாள், அகதிகளைப் பற்றி ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். நம் ஹைதராபாத் பல்கலைக் கழகமும் சும்மா இருக்கவில்லை. கடல் கடந்த இந்தியர்களைப் பற்றிய ஆராய்ச்சி மையம் ஒன்றை 1996-ல் அமைத்தது. 'டயஸ்போரா' என்று ஒரு வார்த்தை அடிக்கடி இவர்கள் வாயில் வரும். பயந்துவிடாதீர்கள். விதையைத் தூவுவது போலச் சிதறிப் போவது என்று கிரேக்க மொழியில் அர்த்தம். அவ்வளவுதான்.

இதில் பெண்களுக்கு என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஆரம்பமே பெண்கள்தான். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ராவன்ஸ்டைன் என்பவர், 1885-ல் இடம்பெயர்வுக்குச் சில விதிகள் வகுத்தார். அவற்றில் ஒன்று, சொந்த நாட்டுக்குள் ஆண்களை விடப் பெண்களே அதிகம் இடம் மாறுகிறார்கள் என்பது. நம் தேசத்து 2011-ம் வருஷ ஜனத்தொகைக் கணக்கைப் பாருங்கள். இடம் பெயர்ந்தவர்கள் சுமார் 45 கோடிப் பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் முதலிடம் கல்யாணத்துக்கு. தஞ்சாவூரில் பிறந்து, தாலி ஏறிய மறுமாதம் டிரங்குப் பெட்டியுடன் மாம்பலத்தில் வந்து இறங்கினீர்களே, அந்தக் கணக்கில் நீங்களும் ஒரு புள்ளி!

இந்தப் படிப்பில் என்னை மிகவும் கவர்ந்தது பிஜித் தீவு விவகாரம். கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷம் உழைப்பதாக ஒப்பந்தம் செய்து, 1879 முதல் 1916 வரை அறுபதினாயிரம் இந்தியர்களுக்கு மேல் அங்கே கப்பலேறினார்கள். முதலில் கல்கத்தாவிலிருந்து, 1903 முதல் சென்னையிலிருந்தும். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்றச் சீட்டு உண்டு. பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜாதி, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் அதில் எழுதியிருக்கும்.

அப்படிப் போன பெண்களைப் பற்றி வெள்ளைக்கார அதிகாரிகளும் துரைமார்களும் என்ன எழுதி வைத்தார்கள் தெரியுமா? நடத்தை கெட்டவர்கள் என்று எழுதினார்கள். தோட்டத்தில் நடந்த கொலைக்கும் தற்கொலைக்கும் அவர்கள் மேலேயே பழி. அந்தப் பழி எழுபது வருஷம் அப்படியே கிடந்தது.

பிஜியில் பிறந்த பிரிஜ் லால், அப்படிப் போன ஒரு கூலியின் பேரன். அவர் கல்கத்தா வழியாகப் போனவர்களின் சீட்டுகளை, ஒன்றல்ல இரண்டல்ல, நாற்பத்தைந்தாயிரம் சீட்டுகளைக் கணக்கெடுத்து 1983-ல் புத்தகம் போட்டார். பெண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தனியாகவே போயிருக்கிறார்கள். பலர் பதிவானது சொந்த ஜில்லாவில் அல்ல, வேறு ஜில்லாவில். அதாவது, கப்பலைப் பார்ப்பதற்கு முன்பே பிழைப்புத் தேடி ஊரை விட்டுக் கிளம்பி விட்டவர்கள். எழுதத் தெரியாத அந்தப் பெண்களுக்காகச் சாட்சி சொல்ல அந்தச் சீட்டுகள்தான் இருந்தன.

அவர்களில் ஒருத்தி குந்தி. 1913-ல் வாழைத் தோட்டத்தில் தனியாக வேலைக்கு விடப்பட்டவள், மேற்பார்வைக்காரனிடமிருந்து தப்ப ஆற்றில் குதித்தாள். படகில் வந்த ஒரு பையன் காப்பாற்றினான். அவள் சொன்ன வாக்குமூலம் கல்கத்தாப் பத்திரிகையில் வெளிவந்து, தேசமெங்கும் கொதிப்பு உண்டாயிற்று. நம் பாரதியாரும் அந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகக் கண்ணீர் விட்டுப் பாடியிருக்கிறார் அல்லவா? 1917-ல் ஆள் சேர்ப்பது நின்றது. 1920 ஜனவரியில் பிஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

போனவர்கள் கதை இப்படி என்றால், போகாமல் வீட்டோடு இருந்தவர்களுக்கும் இதில் இடமுண்டு. லீலா குலாத்தி என்ற அம்மையார், வளைகுடா நாடுகளுக்குப் புருஷன் போய்விட்ட கேரளத்துக் குடும்பங்களைப் பற்றி 1993-ல் எழுதினார். பாங்கிக்குப் போகவும், கடன் அடைக்கவும், வீடு கட்டவும் அந்தப் பெண்கள் கற்றுக் கொண்ட விதத்தைப் படித்தால், நமக்குத் தெரிந்த நாலு பேர் முகம் நினைவுக்கு வரும்.

எல்லாம் சரி, வேலை கிடைக்குமா? உள்ளதைச் சொல்லி விடுகிறேன். இன்ஜினீயரிங் மாதிரி, முடித்த கையோடு கூப்பிட்டு வேலை கொடுக்கும் படிப்பு அல்ல இது. அகதிகளுக்கான ஐ.நா. ஸ்தாபனம், தர்ம ஸ்தாபனங்கள், பத்திரிகை, ஆராய்ச்சி என்று சில கதவுகள் உண்டு, போட்டியும் உண்டு. பிரிட்டனில் ஒரே வருஷத்தில் எம்.ஏ. முடிகிறது, ஆனால் சம்பளம் கட்டுவதற்குள் முழி பிதுங்கிவிடும். வீட்டை அடமானம் வைத்து அனுப்புவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். செவனிங் உபகாரச் சம்பளத்துக்கு முயலலாம். இரண்டு வருஷ வேலை அனுபவம் கேட்பார்கள். படித்து முடித்ததும் தாய்நாடு திரும்பி இரண்டு வருஷம் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. இடம்பெயர்வைப் படிக்கப் பணம், இடம்பெயராமல் இருக்கச் சத்தியம்! காச நோய்ப் பரிசோதனை, விசா, பாங்கிக் கணக்கு என்று அலையும்போதே முதல் பாடம் ஆரம்பமாகி விடும். 2024 ஜனவரிக்குப் பிறகு, எம்.ஏ. படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் புருஷனையோ குழந்தையையோ கூட அழைத்துப் போக முடியாது. கல்யாணமான பெண்ணாக இருந்தால் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

விண்ணப்பத்தில், இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறாய் என்று ஒரு கட்டுரை கேட்பார்கள். புத்தகத்தைப் பார்த்து எழுத வேண்டியதில்லை. 1942-ல் பர்மாவிலிருந்து காடும் மலையுமாக நடந்து வந்தவர்கள் லட்சக் கணக்கானோர். 1964-ல் கடை கண்ணிகளைச் சர்க்கார் எடுத்துக் கொண்ட பிறகு சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கியவர்களும் ஏராளம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஒப்பந்தப்படி திரும்பியவர்கள் வேறு. அன்று இடுப்புக் குழந்தையாக வந்தவர்களுக்கே இன்று தலை நரைத்துவிட்டது. உங்கள் வீட்டிலோ அடுத்த தெருவிலோ அப்படி ஒரு பாட்டி இருந்தால், பெண்ணை இந்த வாரமே அனுப்பி வையுங்கள். டெலிபோனிலேயே குரலைப் பதிவு செய்து கொள்ளலாம். என்ன கொண்டு வந்தீர்கள் என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், எதை விட்டு வந்தீர்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள். மத்தியானத் தூக்கம் கலைந்து, காப்பி குடித்த பிறகு போனால் பாட்டி நன்றாகப் பேசுவாள்.