மாடியில் நிற்கும் கம்பம்

மொட்டை மாடியில் ஒருவர் நெட்டையாக ஒரு கம்பத்தை நட்டு, அதிலிருந்து கறுப்புக் கேபிள் ஒன்றை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் இழுத்துக்கொண்டால், அன்று சாயங்காலமே தெருவில் அபிப்பிராயங்கள் பிறந்துவிடும். இடிதாங்கி என்பார் ஒருவர். செல்போன் டவர் என்று தாமே தீர்மானித்து, வாடகை எவ்வளவு வருகிறது என்று விசாரிப்பார் இன்னொருவர். மூன்றாவது மனிதர் வாயைத் திறக்க மாட்டார். குடியிருப்போர் சங்கத்துக்கு மனு எழுத உட்கார்ந்துவிடுவார்.

விஷயம் அவ்வளவு பயங்கரமில்லை. அது ஒரு ஹாம் ரேடியோக்காரரின் ஏரியல். சர்க்கார் பரீட்சை எழுதி, லைசென்ஸும் தமக்கென்று ஓர் அழைப்புக் குறியும் வாங்கிக்கொண்டு, காசுக்காக அல்லாமல் ஆசைக்காக ஆகாச மார்க்கமாகப் பேசுகிறவர்களுக்கு ஹாம் என்று பெயர்.

வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 2004 டிசம்பர் 26-ந் தேதி அந்தமானைச் சுனாமி தாக்கியபோது, பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவருடைய கோஷ்டியும் ஹாம் ரேடியோவுடன் போர்ட் பிளேரில் இருந்தார்கள். உலகத்து ஹாம்களோடு பேசி மகிழத்தான் அங்கே போயிருந்தார்கள். தீவுகளின் டெலிபோன் தொடர்பு அறுந்து கிடந்த அந்த நாட்களில், இன்னார் உயிரோடிருக்கிறார் என்ற சேதி பல குடும்பங்களுக்கு அவர்கள் ரேடியோ வழியாகத்தான் போயிற்று. அப்படிப்பட்ட நாளில் பெட்டி எவ்வளவு உசத்தி என்பது இரண்டாம் பட்சம். ஏரியல் நிற்கிறதா, பேசுகிறதா என்பதுதான் கேள்வி.

திருவான்மியூர்ப் பக்கம் கடற்காற்றில் வசிக்கும் என் நண்பர் ஒருவர், இந்த ஏரியல் சமாசாரத்தில் பல வருஷமாக ஊறியவர். அவர் மாடியில் நிற்பது செங்குத்து ஏரியல். எதிர் வீட்டு மாமி ஒரு நாள், "ஏன் ஸார், கம்பம் சும்மாதானே நிக்கறது? இந்தப் பக்கம் ஒரு கொடி கட்டிக்கட்டுமா?" என்று கேட்டாராம். "அது நிக்கறதே ஒரு வேலை, மாமி!" என்றாராம் இவர். உண்மைதான். நிமிர்ந்து நிற்கும் ஏரியல் எட்டுத் திசைக்கும் ஒரே மாதிரி அலை வீசும். திருப்ப வேண்டியதில்லை, இடமும் அடைக்காது. கார்களிலும் கையடக்கப் பெட்டிகளிலும் உள்ள ஏரியல்கள் நின்றபடியேதான் இருக்கின்றன. அவற்றோடு பேச இதுவும் நிற்கத்தான் வேண்டும். ஒன்று நின்று மற்றொன்று படுத்திருந்தால் நூற்றில் ஒரு பங்கு வந்து சேர்வதே பெரிது.

நீளக் கணக்கு சுலபம். 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் வரும். அதில் கால் பங்கு எடுத்து, கம்பியில் அலை சற்றுச் சுருங்குவதால் நூற்றுக்கு ஐந்தைக் கழித்துவிட வேண்டும். உள்ளூர்ப் பேச்சுக்கான 145 மெகாஹெர்ட்ஸுக்கு 49 சென்டிமீட்டர், அதாவது பழைய கணக்கில் 19 அங்குலம். கடல் கடந்து பேச உதவும் 14 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 5 மீட்டர். ஆனால் கண்ணுக்குத் தெரியும் இந்தக் கம்பம் பாதி ஏரியல்தான். மறு பாதி அதன் அடியில் இருக்கிறது. பூமியையோ, பூமிக்குப் பதிலாகச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி பரப்பிய கம்பிகளையோ மிதித்துக்கொண்டுதான் கம்பத்தால் பேச முடியும். மாடி மேல் வைக்கும்போது நாலு கம்பிகளைக் குடைக் கம்பி போலக் கீழ்நோக்கிச் சாய்த்துவிடுவார்கள். 45 டிகிரி சாய்த்தால் கேபிளின் 50 ஓம்ஸோடு பொருத்தமும் கூடிவருகிறது.

நாலு ஏன்? இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த ஏரியலை அமைத்த ஆர்.ஸி.ஏ. கம்பெனி எஞ்சினீயர் ஜார்ஜ் பிரவுன், இரண்டே கம்பி போதும் என்றுதான் கண்டாராம். இரண்டு கம்பியைப் பார்த்தால் அலை எல்லாப் பக்கமும் சமமாகப் போகும் என்று வாங்குகிறவர்கள் நம்ப மாட்டார்கள் என்று விற்பனைக்காரர்கள் முணுமுணுக்கவே, நாலாக்கிவிட்டார். அதே பிரவுன்தான், கம்பத்தைத் தரையிலேயே நடுகிறவர்களுக்காக இன்னும் இரண்டு சகாக்களுடன் மண்ணில் கம்பிகளைப் புதைத்துச் சோதித்து, 1937-ல் முடிவுகளை வெளியிட்டவர். ரேடியோ நிலையங்கள் கம்பத்தைச் சுற்றி 120 தாமிரக் கம்பிகளைப் புதைக்கும் வழக்கத்துக்கு அதுதான் ஆதாரம்.

நடுகிற நாளில் ஸ்பானரைத் தேடுவதற்கு முன்னால் அண்ணாந்து பார்க்க வேண்டும். கம்பமும் ஏரியலும் சேர்ந்து எவ்வளவு நீளமோ, அதற்கு மேல் இன்னும் 10 அடியாவது தள்ளித்தான் மின்சாரக் கம்பி இருக்க வேண்டும். கை நழுவி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தொடக் கூடாது. நம் ஊரில் மாடிக்கும் தெருக் கம்பிக்கும் உள்ள நெருக்கம் தெரிந்ததுதானே! அப்படி இடம் கிடைக்காத வீட்டில் இந்த ஆசையையே விட்டுவிட வேண்டியதுதான். இரும்புக் குழாயை நிமிர்த்தும்போது அதைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று பேரும் ஒரே கணத்தில் போய்விடுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் நண்பர் விளையாட்டுப் பேச்சே பேசுவதில்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள் உதவிக்கு வந்தால் முதலில் கம்பி எங்கே இருக்கிறதென்று அவர்களையே காட்டச் சொல்வார். பிறகுதான் குழாயில் கை வைக்க விடுவார்.

ஸ்டே கம்பிக்குப் பதில் வெயிலுக்கு இற்றுப்போகாத கயிறாக மூன்று பக்கம் இழுத்துக் கட்டலாம். போல்ட்டு நட்டு எல்லாம் எவர்சில்வராக இருக்கட்டும். சாதா இரும்பு கடற்காற்றில் பிஸ்கோத்து மாதிரி உதிர்கிறது. ரேடியோவில் பேசும்போது ஏரியலை யாரும் தொடக் கூடாது, சுட்டுவிடும். ஆகையால் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரம் அவசியம்.

இனி, பலரும் ஏமாறும் இடத்துக்கு வருவோம். ஏரியலுக்குப் போன சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்ட ஒரு மீட்டர் உண்டு. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் என்பார்கள். அது 1 என்றால் எதுவும் திரும்பவில்லை, 1.5 என்றால் நூற்றில் நாலு பங்கு. 3 என்றால் கால்வாசி திரும்பிவிட்டது. சரி, எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்றுதானே நாம் நினைப்போம்? ஒரு கார்த்திகை மாதத்தில் நண்பரின் மீட்டர் வழக்கமான 1.5-ஐ விட்டு 1.2-க்கு இறங்கியது. ஆனந்தப்பட வேண்டிய சமாசாரம். ஆனால் தாம்பரத்திலிருந்து தினம் பேசுகிற சிநேகிதர், "உங்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதே!" என்றார். இவர் மாடிக்குப் போய்க் கேபிளிலிருந்து ஏரியலைக் கழற்றினார். கீழே வந்து மிகக் குறைந்த சக்தியில் மறுபடி சோதித்தார். முனையில் ஒன்றுமே இல்லாதபோது மீட்டர் முள் ஒரு கோடிக்குப் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது 1.3-லேயே சாதுவாக நின்றது!

மேல் இணைப்பின் வழியாக மழைநீர் இறங்கிக் கேபிளின் செப்புப் பின்னல் பூராவும் கறுத்துப் போயிருந்தது. அனுப்பிய சக்தியைக் கேபிளே விழுங்கிக்கொண்டிருந்தது. விழுங்கினது போக ஏரியலில் எதிரொலித்து வந்த சொற்பத்தையும் வருகிற வழியில் விழுங்கிவிட்டதால், மீட்டருக்குத் திரும்பி வந்தது ஒன்றுமில்லை. அதுவும் உத்தமமான எண்ணைக் காட்டிற்று. நல்ல கேபிளுக்கே இந்தப் பசி கொஞ்சம் உண்டு. ஆர்.ஜி. 58 என்ற மெல்லிய ரகம் 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஓடினால் ஏறக்குறைய கால் பங்குதான் மேலே போய்ச் சேரும். ஆர்.ஜி. 213 என்ற தடித்த ரகத்தில் பாதி மிஞ்சும். கம்பத்துக்குச் செலவழித்துவிட்டுக் கேபிளில் சிக்கனம் பிடிப்பது, என் அபிப்பிராயத்தில், கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுவிட்டு இலைக்குக் கணக்குப் பார்ப்பது போலத்தான்.

தண்ணீர் புகாமலிருக்க வழி உண்டு. தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இணைப்பின் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிகிற மாதிரி அப்போதுதான் படியும். தண்ணீர் வழிந்து ஓடிவிடும். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு சுற்றும் ஒரு கிண்ணி. ரப்பரை வெயில் தின்றுவிடும் என்பதால் அதன் மேல் சாதாரணக் கறுப்பு டேப்பும் ஒரு சுற்று வேண்டும். ஜன்னலில் நுழையும் முன் கேபிளைத் தொட்டில் மாதிரி ஒரு முறை தொங்கவிட்டால், வழிந்து வருகிற மழை அங்கேயே சொட்டிவிடும்.

நண்பரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஏரியல் புதிதாக நின்ற நாளில் மீட்டர் காட்டிய எண்கள் முதல் பக்கத்தில் இருக்கின்றன. புரட்டாசி பிறந்ததும் மாடி ஏறிக் கயிற்றை இழுத்துப் பார்ப்பார், டேப்பைப் புதுப்பிப்பார், துருவைத் தேய்ப்பார், அன்றைய எண்களை எழுதுவார். எண் கூடினாலும் சரி, காரணமின்றிக் குறைந்தாலும் சரி, கேபிளைச் சந்தேகிப்பார்.

இடி மின்னல் மாதத்தில் பேசி முடித்ததும் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். கம்பத்துக்குத் தடித்த தாமிரப் பட்டையால் எர்த் கொடுத்து, அந்த எர்த்தை வீட்டு எர்த்தோடும் இணைக்க வேண்டும். தனித்தனியே விட்டால், இடி இறங்கும்போது இரண்டுக்கும் நடுவில் பாலமாவது உங்கள் ரேடியோப் பெட்டிதான். நேரே தலையில் விழும் இடிக்கு இதெல்லாம் எம்மாத்திரம்!

2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையில் புகுந்து ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, பல பேட்டைகளில் மின்சாரமும் செல்போனும் நாட்கணக்கில் படுத்துவிட்டன. அதற்கப்புறம் நண்பர் கம்பத்தின் அடியில் ஒரு கீல் வைத்திருக்கிறார். புயல் எச்சரிக்கை வந்தால் இரண்டு பேராகக் கம்பத்தைப் படுக்க வைத்துத் தளத்தோடு கட்டிவிடுவார்கள். காற்று அடங்கினதும் எழுப்பிவிடலாம். எழுப்ப முடியாமற் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சமையலறைப் பரண் மேலிருந்து ஒரு வஸ்துவை எடுத்துக் காட்டினார். கேபிள் சாக்கெட் ஒன்றில் 19 அங்குலக் கம்பி ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. அதே அளவில் நாலு கம்பிகள் கீழே விரிந்திருக்கின்றன. பற்றவைக்க அரை மணி நேரம் ஆயிற்றாம். வெளிச்சம் வந்ததும் ஒரு மூங்கில் கழியில் கட்டி மாடிச் சுவரோடு நிறுத்தினால் போதும் என்கிறார். மூங்கிலும் பரண் மேலேயே இருக்கிறது.