மதர்போர்டு போயிடுச்சாம்!

தில்லிக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. இத்தனை வருஷத்துல அகராதி பார்க்காம எனக்குப் புரியிற இந்தி வாக்கியம் ஒண்ணு உண்டுன்னா அது இதுதான்: "மதர்போர்டு கயா, சார்."

லேப்டாப் ஆன் ஆகலையா? மதர்போர்டு. சார்ஜ் ஏறலையா? மதர்போர்டு. திரை இருட்டா இருக்கா? சந்தேகமே வேண்டாம், மதர்போர்டுதான். நம்ம ஊர்ல எந்த வியாதிக்கும் "சூடு"ன்னு சொல்ற பாட்டி மாதிரி, சர்வீஸ் சென்டர் கவுண்டர்ல உக்கார்ந்திருக்கிற தம்பிக்கும் ஒரே நோய்தான் தெரியும். என்ன, பாட்டி மோர் குடிக்கச் சொல்லும். தம்பி பதினெட்டாயிரம் கேப்பார்.

என் கதையைச் சொல்லிடறேன். வீட்ல இருந்த அஞ்சு வருஷப் பழைய லேப்டாப் ஒருநாள் காலையில மௌனவிரதம். பவர் லைட் எரியுது, ஃபேன் சுத்துது, திரை மட்டும் கருப்பு. அதுல என்ன பெரிசா இருக்குன்னு கேக்காதீங்க. அப்பா போறதுக்கு முந்தின பொங்கலுக்கு எடுத்த படங்கள், அவர் பேரப்பிள்ளைக்குச் சொன்ன கதைகளைப் பதிஞ்சு வெச்ச ஒலிக்கோப்பு. இன்னொரு பிரதி எடுத்து வைக்கணும்னு மூணு வருஷமா நினைச்சுக்கிட்டே இருந்தேன். நினைச்சதோட சரி.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன் (பேர் வேண்டாம், எந்தக் கம்பெனிக்குப் போயிருந்தாலும் இதேதான்). பார்க்கிறதுக்கு ஐநூறு ரூபாய். ரெண்டு நாள் கழிச்சு தீர்ப்பு: மதர்போர்டு, 18,500. கூடவே ஒரு படிவம். "டேட்டா போனா நாங்க பொறுப்பில்லை, இங்க கையெழுத்துப் போடுங்க." எந்த சோதனை பண்ணி மதர்போர்டுன்னு கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, ஆபரேஷன் தியேட்டர்ல டாக்டர்கிட்ட கத்தி எங்க வாங்கினீங்கன்னு கேட்ட மாதிரி. கையெழுத்துப் போடாம பொட்டியைத் தூக்கிட்டு வந்துட்டேன். துணிச்சல் எல்லாம் இல்லை, பயம்தான்.

அப்ப வீட்ல மாமனார் வந்திருந்தார். திருநெல்வேலியில அரசு பஸ் டெப்போவுல முப்பது வருஷம். ஐடிஐ ஃபிட்டர். சோகக் கதையை முழுசாக் கேட்டுட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "கழட்டிப் பாத்தீங்களா மாப்ளே?"

எனக்கு சுருக்குன்னுச்சு. ஏன்னா நான் படிச்சது எலக்ட்ரானிக்ஸ். பட்டம் ஃப்ரேம் போட்டு சுவத்துல தொங்குது. வீட்ல ஒரு உருப்படியான ஸ்க்ரூடிரைவர் கிடையாது!

ஸ்க்ரூடிரைவர் வாங்கியாந்தோம். மாமா ஒரு தாள்ல லேப்டாப்போட அடிப்பக்கத்தை வரைஞ்சு, கழட்டின ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்துலயே செல்லோடேப் போட்டு ஒட்டச் சொன்னார் (நீளம் வேற வேற, மாத்திப் போட்டா போர்டுல குத்தும்). முதல்ல பேட்டரி ஒயரைப் பிடுங்கினோம். ரெண்டு ராம் இருந்தது. அதைக் கழட்டி, தங்கப்பட்டையை என் பொண்ணோட பென்சில் ரப்பரால மெல்லத் தேய்ச்சு, தூசு தட்டி, ஒண்ணை மட்டும் போட்டு ஆன் பண்ணோம். ஒரு நிமிஷம் கருப்பு. அப்புறம் வந்துச்சு. ரெண்டாவதையும் போட்டோம். அதுவும் வந்துச்சு. மொத்தம் நாப்பது நிமிஷம். செலவு, ஸ்க்ரூடிரைவர் செட் போக, ஒரு ரப்பர். எட்டு மாசமா ஓடிக்கிட்டிருக்கு. அப்பாவோட குரல் இப்ப மூணு இடத்துல பத்திரமா இருக்கு.

சரி, மேட்டருக்கு வருவோம். என் கோபம் அந்த கவுண்டர் தம்பி மேல கொஞ்சம்தான். சர்வீஸ் சென்டர்கள்ல பெரும்பாலும் ரிப்பேர்னு ஒண்ணு கிடையாது, பாகத்தை மாத்தறதுதான் வேலை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். நேரு பிளேஸ்ல மைக்ராஸ்கோப் வெச்சு கடுகு சைஸ் சிப்பை மாத்தி உயிர் கொடுக்கிற ஆளுங்களும் இருக்காங்க, அவங்களுக்கு ஒரு கும்பிடு.

என் கோபம் நம்ம மேலதான். நம்ம அப்பாக்கள் டிவிஎஸ் 50 நின்னா மெக்கானிக்கைத் தேடி ஓடலை. பிளக்கைக் கழட்டி, உப்புத்தாள்ல தேய்ச்சு, ஊதி மாட்டினாங்க. அம்மாக்கள் மிக்ஸி கப்ளர் தேய்ஞ்சா அஞ்சு ரூபாய்க்கு வாங்கி தாங்களே திருகிப் போட்டாங்க. அவங்க பெத்த நாம பொட்டி தட்டி சம்பாதிக்கிறோம், அந்தப் பொட்டிக்கு எத்தனை ஸ்க்ரூன்னு தெரியாது. கேட்டா, "நமக்கு எதுக்கு அந்த வேலை?" இந்த "நமக்கு எதுக்கு"க்குள்ள என்ன ஒளிஞ்சிருக்குன்னு யோசிச்சுப் பார்த்தேன். கை அழுக்காகிற வேலை படிச்சவன் வேலை இல்லைங்கிற திமிர்தான். அந்தத் திமிருக்குத்தான் 18,500 ரூபாய் பில் வருது. கூடவே வெளியூர், பாஷை அரைகுறை, நாலு வார்த்தை எதிர்த்துக் கேக்க வாய் வராது. ஏமாத்தறவனுக்கு இதைவிட நல்ல கஸ்டமர் கிடைப்பானா?

அதனால, அடுத்த தடவை பையைத் தூக்கிட்டு ஓடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

1. உயிரே இல்லையா? வேற பிளக் பாயின்ட். அதே அளவு வேற சார்ஜர். அப்புறம் சார்ஜரைப் பிடுங்கிட்டு (பேட்டரி கழட்ட முடிஞ்சா அதையும்) பவர் பட்டனை முப்பது செகண்ட் அழுத்திப் பிடிங்க. திரும்ப மாட்டி ஆன் பண்ணுங்க. "செத்துப்போன" லேப்டாப் பல இதுலயே எழுந்திருச்சிருக்கு.

2. லைட் எரியுது, திரை இருட்டா? கேப்ஸ் லாக் அழுத்துங்க. அதோட விளக்கு மாறி மாறி எரிஞ்சா மெஷின் உயிரோட இருக்கு. எச்டிஎம்ஐ ஒயர்ல டிவியோட சேருங்க. டிவியில படம் வந்தா கோளாறு திரையிலயோ அதோட கேபிள்லயோ. டார்ச்சை சாய்ச்சு அடிச்சு மங்கலா எழுத்து தெரிஞ்சா, பின்விளக்கு மட்டும்தான் அவுட். டிவியிலயும் ஒண்ணும் இல்லையா? மேல சொன்ன ராம் வைத்தியம்.

3. கொதிச்சு தானே அணையுதா? தூசு. தில்லி மே மாசப் புழுதியில ரெண்டு வருஷம் ஓடின ஃபேனைத் திறந்து பாருங்க, கம்பளி மாதிரி இருக்கும். இறக்கையை விரலால பிடிச்சுக்கிட்டு பிரஷ்ஷால தட்டி எடுங்க. பிடிக்காம காத்தடிச்சு சுத்த விட்டா ஃபேன் கெட்டுப்போகும்.

4. ஓடுது, ஆனா சார்ஜ் ஏறலையா? டெல், ஹெச்பி உருண்டை முள் சார்ஜர்கள்ல நடுவுல ஒரு மெல்லிய ஊசி இருக்கும். அதுதான் "நான் ஒரிஜினல் சார்ஜர்"னு லேப்டாப்புக்குச் சொல்லும். அது வளைஞ்சாலோ உடைஞ்சாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது. மாத்த வேண்டியது சார்ஜரை, மதர்போர்டை இல்லை.

5. சில கீ வேலை செய்யலையா? யுஎஸ்பி கீபோர்டு ஒண்ணை மாட்டுங்க. அதுல சரியா வந்தா கீபோர்டு மட்டும்தான் போச்சு.

6. இலவச ஜோசியம்: ஆன் பண்ணும்போது டெல்லுன்னா எஃப்12, ஹெச்பின்னா எஃப்2 தட்டுங்க. ராம், டிஸ்க், பேட்டரி எல்லாத்தையும் அதுவே சோதிச்சு சொல்லும். பிரிச்சுப் பார்க்க டெல், ஹெச்பி, லெனோவா மூணுமே சர்வீஸ் மேனுவலைத் தங்களோட தளத்துலயே இலவசமாப் போட்டிருக்காங்க.

பிரிக்கிறதுக்கு முன்னாடி இரும்பு கிரில், குழாய்னு ஏதாவது ஒண்ணைத் தொட்டுக்கோங்க. தில்லிக் குளிர்காலத்துல கம்பளி சட்டையோட ராமைத் தொட்டா உடம்புல இருக்கிற மின்சாரமே அதைக் கொன்னுடும்.

இதுல வீரம் காட்டக்கூடாத இடங்களும் உண்டு. பேட்டரி உப்பியிருந்தா அமுக்காதீங்க, குத்தாதீங்க, சார்ஜ் போடாதீங்க. அது நெருப்பு. சார்ஜர் பொட்டியைப் பிரிக்காதீங்க. டிஸ்க்குல டிக் டிக்னு சத்தம் வந்தா திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்க்காதீங்க, ஒவ்வொரு தடவையும் இருக்கிற டேட்டாவும் போகும். காபி கொட்டினா உடனே அணைச்சு, கவுத்துப் போட்டு, பேட்டரியைப் பிரிச்சு எடுத்துட்டு ஆளைத் தேடுங்க. அரிசிக்குள்ள புதைக்கிறதெல்லாம் வேண்டாம், சாப்பாட்டுக்கு ஆகும். வாரன்டி இருந்தா பிரிக்காம வெளி சோதனை மட்டும் பண்ணிட்டு அவங்ககிட்டயே போங்க.

இன்னொரு முக்கியமான விஷயம். மதர்போர்டு போனாலும் உங்க படங்கள் அதுல இல்லை, டிஸ்க்குல இருக்கு. பெரும்பாலான லேப்டாப்புல டிஸ்க்கைத் தனியாக் கழட்டி, ஒரு உறையில போட்டு இன்னொரு கம்ப்யூட்டர்ல படிக்கலாம். போர்டு மாத்தினா பிட்லாக்கர் சாவி கேக்கும். அது உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குல இருக்கான்னு இன்னிக்கே பாருங்க.

"உன் ஒரு மணி நேர சம்பளம் என்ன, இதுல நேரத்தை வீணடிக்கிறியே"ன்னு ஆபீஸ் நண்பர் கேட்டார். சர்வீஸ் சென்டருக்கு ரெண்டு நடை, மெட்ரோ, டோக்கன் எடுத்துக் காத்திருந்தது எல்லாம் யார் சம்பளத்துல சேரும்? அந்த நாப்பது நிமிஷமும் என் பொண்ணு பக்கத்துல உக்கார்ந்து ஸ்க்ரூ ஒட்டிக்கிட்டிருந்தா. கெட்டுப்போனதைத் திறந்து பார்க்கலாம்னு அவ கத்துக்கிட்டா. இதுக்கு எந்த டியூஷன்ல எவ்வளவு ஃபீஸ்?

கம்பெனிக்காரங்களையும் சும்மா விடக்கூடாது. மெலிசு மெலிசுன்னு சொல்லியே ராமைப் போர்டோட சேர்த்துப் பத்தவெச்சுட்டாங்க, பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிட்டாங்க. பிரான்ஸ்ல 2021-லேருந்து லேப்டாப் விக்கும்போதே, ரிப்பேர் பண்றது எவ்வளவு சுலபம்னு பத்துக்கு மார்க் போட்டு ஒட்டணும்னு சட்டம். நம்ம அரசு 2022 டிசம்பர்ல ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு தளம் தொடங்கியிருக்கு, நல்லது. ஆனா தளம் ஸ்க்ரூ கழட்டாது. அடுத்த லேப்டாப் வாங்கும்போது கலர் என்னன்னு கேக்கிறதுக்கு முன்னாடி, ராம் மாத்தலாமா, பேட்டரி ஸ்க்ரூவுல இருக்கா, பசையில இருக்கான்னு கேளுங்க. வாங்கறவங்க கேட்டாத்தான் விக்கிறவன் மாறுவான்.

கவுண்டர்லயும் கேளுங்க. எந்தப் பாகம், எந்த சோதனை, எழுத்துல கொடு, கழட்டின பழைய பாகத்தைக் காட்டு. மறுத்தா 1915-க்கு போன் போடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். 2019 சட்டப்படி நீங்க இப்ப குடியிருக்கிற ஊர்லயே வழக்குப் போடலாம், வாங்கின ஊருக்கு அலைய வேண்டாம். அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை. ஊர் விட்டு ஊர் மாறிக்கிட்டே இருக்கிற நமக்குன்னே எழுதின மாதிரி ஒரு பிரிவு!

மாமா ஊருக்குக் கிளம்பும்போது அந்த ஸ்க்ரூடிரைவர் செட்டை பூஜை அலமாரிக்குக் கீழ் தட்டுல வெச்சுட்டுப் போனார். ஆயுதபூஜைக்கு இனிமே லேப்டாப்புக்குப் பொட்டு வெக்கிறதோட நிக்காம, அதைத் திறந்து தூசும் தட்டறதா முடிவு பண்ணியிருக்கோம்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு எல்லாத்தையும் கழட்டிப்போட்டு, மாட்டத் தெரியாம எனக்கு போன் போடாதீங்க மக்கா. மாமா நம்பர் தரமாட்டேன்.