முயலைக் குளிப்பாட்டுதல் அவசியமா?

முயல் வளர்ப்பானது குடியானவர் வீடுகளில் உபதொழிலாகவும், சிறுவர்களுக்குப் பிரியமான பொழுதுபோக்காகவும் நடைபெற்று வருகிறது. மாட்டைக் குளத்திலிறக்கித் தேய்ப்பதும், உண்ணி ஒழிய ஆட்டை மருந்துத் தொட்டியில் முக்குவதும் நல்ல வழக்கங்களே. ஆயினும் அவ்வழக்கத்தை முயலுக்கும் கைக்கொள்வது பெரும் பிசகு என்பது எனது அபிப்பிராயம்.

வளர்ப்பு முயல் நமது காட்டு முயலின் வம்சமன்று. ஸ்பெயின், போர்ச்சுகல் தேசங்களில் வளை தோண்டி வசித்த ஜாதியின் வழிவந்தது. பூனையைப் போலவே தன் தேகத்தைத் தானே நக்கிச் சுத்தஞ் செய்துகொள்ளும். அதன் ரோமம் மிக அடர்த்தியானது. அடிவரை நனைந்தால் உலர வெகுநேரம் பிடிக்கும். அதன் தேக உஷ்ணம் 101 முதல் 104 டிகிரி பாரன்ஹீட். ஈரத்தினால் இது குறையுமாயின் பிராணன் போவதுமுண்டு. மேலும், ஜலத்தில் விட்டவுடன் பயந்து பின்கால்களை உதைக்கும். அதன் எலும்புகள் இலேசானவை. உதைக்கும் வேகத்தில் முதுகெலும்பு முறிவதுண்டு.

அப்படியாயின் அழுக்கோடு விட்டுவிடலாமோ என்று சிலர் கேட்கக்கூடும். பின்புறம் அசுத்தமாயிருப்பது பெரும்பாலும் வேறொரு குறையின் அறிகுறியே. கழிச்சல், அதிகக் கொழுப்பு, தானியத் தீவன மிகுதி, ஈரமான கூண்டு ஆகியவை இதற்குக் காரணங்கள். கழுவினால் அழுக்குப் போகும், காரணம் போகாது. கம்பி வலைத் தளமுள்ள கூண்டும், வேலிமசால், புல் முதலிய நார்த்தீவனமும் குளிப்பினும் மேலான சுத்தம் தரும். ஆனால் அசுத்தத்தை அப்படியே விடின் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். ஆகையால் அவ்விடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரம் போக ஒற்றி, காற்றடிக்காத இடத்தில் வைக்க வேண்டும். இலேசான அழுக்காயின் மக்காச்சோள மாவைத் தூவிச் சீப்பினால் வாரிவிடலாம். முகப்பவுடர் உதவாது, அதன் தூள் சுவாசத்தைக் கெடுக்கும்.

கோடையில் குளிர்ச்சிக்காகவாவது குளிப்பாட்டலாகாதோ என்பாருமுண்டு. முயலுக்கு வியர்வை இல்லை. உஷ்ணத்தைப் பெரும்பாலும் காதுகளின் வழியாகவே வெளிவிடுகிறது. எனவே ஈரத்துணியால் காதுகளைத் துடைத்து, கொட்டகைப் பக்கங்களில் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டு, குடிக்கத் தாராளமாக நீர் வைத்தலே போதுமானது.

சொறி கண்டால் ஆட்டு மருந்தில் முக்குதலும், நாய்களுக்கான பிப்ரோனில் மருந்தைத் தெளித்தலும் கூடா. பிப்ரோனில் முயலைக் கொல்லக்கூடியது. சொறிக்குக் கால்நடை வைத்தியர் எடைக்கேற்ற அளவில் போடும் ஐவர்மெக்டின் ஊசி உண்டு. சொறி தொற்றும் வியாதியாதலால், பீடித்த முயலைப் பிரித்து வைத்தலும் கூண்டைச் சுத்தஞ் செய்தலும் அவசியம்.

தற்செயலாய் முழுதும் நனைந்துவிட்ட முயலைத் துணியால் துவட்டி, தோலுக்கு அருகிலுள்ள ரோமமும் உலரும்வரை வெதுவெதுப்பான இடத்திலேயே வைத்திருத்தல் வேண்டும்.

முயல் வளர்ப்போர் கூண்டைக் கழுவுவதில் ஊக்கங்காட்டி, முயலை நீரிலிடுவதை அறவே விட்டொழிப்பார்களாக. கிராம அதிகாரிகளும் இதனைத் தங்கள் ஊராருக்கு, விசேஷமாகப் புதிதாய் முயல் வாங்கியோருக்கு, எடுத்துரைப்பார்களாயின் அநேக முயல்கள் வீணே மடியாமல் தப்பும்.